மூன்று முறை அலசிய சட்டை

எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் இப்போது பாடம் எடுக்கும் ஒரு இளைஞர் போன மாதம் என்னைப் போனில் பிடித்தார். கரியமில வாயுவை மின்சாரத்தால் வேறு பொருளாக மாற்றும் ஆராய்ச்சியைத் துறையில் மறுபடி தொடங்குகிறார்களாம். கந்தகம் ஏறிய செம்பு அதற்கு நல்ல வினையூக்கி என்று இப்போது பல இடங்களில் பேசுகிறார்களாம். "நம்ம லேப்ல அப்பவே பண்ணிருக்காங்க சார். கூட இருந்த ஆளு நீங்கதான். ஆண்டு விழாவுல ஒரு பத்து நிமிசம் பேசுங்க" என்றார். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. வரமாட்டேன் என்றேன். அவரும் விடவில்லை. கடைசியில், எழுதித் தருகிறேன், படித்துப் பார்த்துவிட்டு மேடையில் வாசிக்கலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நான் வாத்தியார் இல்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் வேலுச்சாமி. முதல் ஐந்து வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவினேன். அதற்குப் பிறகு மற்றவர்களுக்குக் கழுவச் சொல்லிக்கொடுத்தேன். என் படிப்பு அவ்வளவுதான். ஆனால் கழுவுவதில் என்னை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்ற கர்வம் எனக்கு நிறைய இருந்தது. ஆனைக்குட்டம் அணையிலிருந்து வரும் தண்ணீரைக் காய்ச்சி வடித்து, அதையே மறுபடி காய்ச்சி வடித்து, அந்தத் தண்ணீரில்தான் கடைசி அலசல். பாத்திரமானாலும் துணியானாலும் மூன்று முறை. இரண்டு முறை அலசிவிட்டு மூன்று என்று சொல்கிற ஆளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்.

துணிக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தேன். உலோகத் தகடுகளைத் துடைக்கவும் சுற்றி வைக்கவும் அவரவர் வீட்டிலிருந்து பழைய பருத்தித் துணி கொண்டுவர வேண்டும். பலமுறை துவைத்துப் பஞ்சு போல் ஆன வேட்டி என்றால் உத்தமம். கடையில் விற்கும் துடைக்கும் தாளைவிட அது நல்லது. வந்த துணியை நான் வாங்கி, முழுசாக மூன்று முறை அலசி, காய வைத்து, அதன் பிறகுதான் சதுரம் சதுரமாக நறுக்குவேன். நறுக்கிவிட்டு அலசினால் ஓரத்தில் நூல் பிரிந்து தகட்டில் ஒட்டும். இந்த வரிசையை யாருக்காகவும் நான் மாற்றியதில்லை.

துறைத் தலைவர் ஞானராஜ் சார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒருவர் ஆனந்தமாக ஒரு முடிவைக் கொண்டுவந்து காட்டினால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "எத்தனை தடவை?" என்பார். ஒரு தடவை என்றால் நோட்டைத் திறக்கவே மாட்டார். மூன்று வெவ்வேறு நாளில் மூன்று தடவை வந்தால்தான் அவருக்கு அது முடிவு. கோபம் வந்தால் பேச மாட்டார். ஒரு துண்டுத் தாளில் நாலு வார்த்தை எழுதி, தராசுப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டுப் போய்விடுவார். அந்தத் தாளை எடுக்கப் பெரிய பெரிய ஆட்களே இரண்டு முறை யோசிப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில்தான் அவர் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டார். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். உப்புக் கரைசல் ஒன்றில் அந்த வாயுவை அரை மணி நேரம் குமிழியிட விடவேண்டும். ஒரு பக்கம் பிளாட்டினக் கம்பி, இன்னொரு பக்கம் செம்புத் தகடு, நடுவில் மெல்லிய தடுப்பு. மின்சாரத்தைக் கொடுத்தால் செம்பின் பக்கத்தில் வாயு மாற வேண்டும். லேசில் மாறாது. கரியமில வாயு எல்லாம் எரிந்து முடிந்த பிறகு மிஞ்சுவது. அதை மறுபடி எழுப்புவது பெரும்பாடு. கொடுக்கிற மின்சாரமெல்லாம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாக்குவதிலேயே போய்விடும். வாயுவைத் தன்மேல் உட்காரவைத்து, மின்சாரம் அதற்குப் போய்ச் சேரும்படி செய்வதுதான் வினையூக்கியின் வேலை. அது தான் தீராமல் வேலையை நடத்திக் கொடுக்கும். செம்புக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் கண்டபடி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். ஒரே பொருளாகக் கொடு என்றால் கேட்காது.

மாரீஸ்வரியின் செம்பு கேட்டது. மாரீஸ்வரி நாரணாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஆராய்ச்சி மாணவி. முப்பது வயதிருக்கும், பிள்ளைகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துவிட்டு, பிறகு டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் கருப்பசாமி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குபவர். பட்டாசு வேலையிலேயே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அதுதான். அந்த அறைக்குள் நைலான், பாலியஸ்டர் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, உரசினால் பொறி வரும் என்று பருத்திதான் உடுத்துவார்கள். அதனால் மற்ற மாணவர்கள் வீட்டில் கிடைக்காத நல்ல பழைய பருத்தி அவள் வீட்டில் தாராளமாகக் கிடைத்தது. அவள் கொண்டுவந்த வேட்டித் துணியைத் தடவிப் பார்த்து, "இதாம்மா துணி. மத்தவுகளும் இப்படிக் கொண்டாந்தா என்ன?" என்று நாலு பேர் முன்னால் நான் மெச்சியிருக்கிறேன்.

அவள் தகட்டைத் தேய்த்து மினுக்கி, அந்தத் துணியில் சுற்றி, சாயங்காலம் இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் எடுத்து ஓட்டுவாள். மற்றவர்கள் செம்பு பலதையும் கலந்து கொடுக்க, அவள் செம்பு பாதிக்கு மேல் ஃபார்மிக் அமிலமாகவே கொடுத்தது. மூன்று நாள், மூன்று தடவை. பிறகு முப்பது தடவைகூட ஆகியிருக்கும். ஞானராஜ் சார் கண்ணாடியைத் துடைக்காமல் நோட்டைத் திறந்ததை நான் பார்த்தேன். கட்டுரை எழுதி வெளியே அனுப்பினார்கள். வேறொரு ஊர் ஆய்வகத்திலிருந்து, நாங்களும் செய்து பார்க்கிறோம் என்று கடிதம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கருப்பசாமியின் கம்பெனியில் வெடித்தது. தீபாவளி ஆர்டருக்கு இரட்டை வேலை நடந்துகொண்டிருந்த சீசன். மருந்து அறையிலிருந்த கருப்பசாமியும், பக்கத்து அறையில் இருந்த மூன்று பெண்களும் போனார்கள். நான்கு பேரும் ஒரே தெரு. கருப்பசாமி மருந்து அறைக்குள் பீடி பற்றவைத்ததுதான் காரணம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அந்த மனிதர் வெற்றிலைகூடப் போடாதவர். ஆனால் செத்தவர் வந்து சொல்லவா போகிறார்? விசாரணை நடந்தது. செத்த மூன்று பெண்களின் வீட்டாரும் மாரீஸ்வரியின் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் கழித்து அவள் லேபுக்கு வந்தாள். வீட்டுக்காரர் உடுத்திய துணிகளையெல்லாம் செத்தவர் துணி என்று வழக்கப்படி கொடுத்துவிட்டதால், அவள் அம்மாவின் பழைய நூல் சேலையைக் கொண்டுவந்தாள். நான் அலசி நறுக்கிக் கொடுத்தேன். அதே தகடு, அதே கரைசல், அதே வாயு. ஃபார்மிக் அமிலம் வரவில்லை. மற்றவர்கள் செம்பைப் போலவே கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டதும் வந்தது. மறுநாளும் அப்படியே. இரண்டு வாரம் ஓட்டினாள். நடுநடுவே கரண்ட் போய், முதலிலிருந்து தொடங்கி, சாப்பிடாமல்கூட ஓட்டினாள். என் கைதான் ராசி இல்லாமல் போச்சு என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். வேதியியல் படித்த பெண் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் நிலைமை அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

வெளியூர் ஆய்வகத்திலிருந்தும் தங்களுக்கு வரவில்லை என்று எழுதினார்கள். அதன் பிறகு ஞானராஜ் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முன்பு வந்த அளவுகளை அவள் அளந்தபோது நான் கூட இருந்தேனா என்று கேட்டார். சில நாள் இருந்தேன், சில நாள் இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போது என் குரலில் ஒரு தயக்கம் விழுந்துவிட்டது. "அந்தப் பொண்ணு பொய் எழுதுற ஆளு இல்ல சார்" என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் தராசுப் பெட்டிக்கு அடியில் அவள் பெயருக்குத் தாள் இருந்தது. "மறுபடி வராதது முடிவு அல்ல. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். உங்கள் ஆராய்ச்சிப் பதிவு பற்றியும் பேச வேண்டும்." அதை அவள் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். புருஷன் பீடி குடித்தான் என்கிறார்கள், பெண்டாட்டி பொய் எழுதினாள் என்கிறார்கள். ஒரே வீட்டின்மேல் இரண்டு பழி.

அந்த வாரம் ஒரு விசேஷத்துக்காக என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாப்பிள்ளையும், பட்டாசில் மருந்து கலக்குகிறவர். சாமி அலமாரியில் இருந்த செம்புச் சொம்பைத் தங்கச்சி புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுத்தான் தேய்த்தாளாம், அதற்குள் கருத்துவிட்டதாம். "இவுக சட்டையை இங்கன மாட்டாதீகன்னு சொன்னா கேக்காகளா? கந்தகம் பூரா அதுல தானே இருக்கு. எத்தனை தடவை துவைச்சாலும் போக மாட்டேங்கு" என்று மாப்பிள்ளையைத் திட்டினாள். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். கந்தகம் தண்ணீரில் கரையாது. எத்தனை முறை அலசினாலும் துணியின் நூலுக்குள்ளேயே இருக்கும். மாரீஸ்வரியின் தகடு அந்தத் துணியில் ராத்திரி முழுக்கச் சுற்றிக் கிடந்திருக்கிறது. காலையில் எடுக்கும்போது லேசாகப் பழுப்பேறி இருக்கும் என்று அவளே நோட்டில் எழுதியிருந்தாள். இப்போது வரும் தகடுகள் பளபளவென்று இருந்தன. செம்பை வழிக்குக் கொண்டுவந்தது கருப்பசாமியின் வேட்டியில் இருந்த கந்தகம்.

மறுநாள் அவளிடம் சொன்னேன். நிரூபிக்க வேண்டுமானால் அவர் உடுத்திய துணி ஒன்று வேண்டும், ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டேன். வெடிப்பதற்கு முந்தின நாள் போட்டிருந்த சட்டை ஒன்று, துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். ஞாபகத்துக்கு வைத்திருக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனவள், திரும்பி வந்து அந்தப் பையைக் கொடுத்தாள். "கொஞ்சம் போல எடுத்துக்கங்கண்ணே. மிச்சத்தப் பத்திரமா வைங்க" என்றாள். நாளைக் காலையில் விருதுநகர் போய்விட்டு மத்தியானம்தான் வருவேன் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

காலை எட்டு மணிக்கெல்லாம் நான் லேபைத் திறந்துவிட்டேன். அவளுடைய பழியைத் துடைக்கப் போகிற ஆள் நான்தான் என்ற பெருமையில் இருந்தேன். முன்பு வந்தது மறுபடி வரவேண்டுமானால் முன்பு செய்தது போலவே செய்ய வேண்டும். சட்டையைப் பிரித்தேன். கக்கத்திலும் கைமடிப்பிலும் சாம்பல் நிறத்தில் அலுமினியப் பவுடர் அப்பியிருந்தது. முழுச் சட்டையையும் வடித்த தண்ணீரில் முக்கினேன். தண்ணீர் கலங்கியது. ஊற்றினேன். இரண்டாம் முறை கொஞ்சம் தெளிந்தது. மூன்றாம் முறை சுத்தமாக இருந்தது. கொடியில் காயப் போட்டேன். மெதுவாக, கவனமாக, என் சர்வீஸிலேயே அவ்வளவு நன்றாக நான் எதையும் அலசியதில்லை.

பன்னிரண்டரைக்கு அவள் வந்தாள். கொடியில் சட்டையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"முழுசையுமா நனைச்சீக?"

"ஆமாம்மா. நறுக்கிட்டு அலசுனா நூல் பிரியும்ல."

"அலசுன தண்ணி எங்கண்ணே?"

கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன் என்று கையைக் காட்டினேன். அவள் தொட்டிக்குப் போய் அதன் ஓட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, பதற்றமே இல்லாத குரலில் சொன்னாள். அந்தச் சீசனில் கம்பெனியில் கந்தகத்தோடு குளோரேட்டைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தீக்குச்சி மருந்தில் போடும் குளோரேட். அதைப் பட்டாசில் கந்தகத்தோடு சேர்க்கக் கூடாது என்று தடை இருக்கிறது. லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும். கருப்பசாமி பயந்துபோய் வீட்டில் சொல்லியிருக்கிறார். அவருடைய அண்ணனும் அதே கம்பெனியில் வேலை பார்ப்பதால் வெளியில் மூச்சு விடவில்லை. அந்தச் சட்டையில் குளோரேட் இருக்கும், அதைப் பரிசோதித்துக் காட்டினால் பீடி என்று சொன்னது பொய் என்று ஆகும் என்றுதான் அவள் துவைக்காமல் வைத்திருந்தாள். அன்று காலையில் அவள் போனது விசாரணை அதிகாரியிடம். கொண்டுவா, வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கந்தகம் தண்ணீரில் கரையாது, குளோரேட் கரையும். முதல் வருஷ மாணவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? தொட்டிக்கு அடியில் இருந்த வளைந்த குழாயைக் கழற்றி, தேங்கியிருந்த தண்ணீரைப் பிடித்துச் சோதித்தேன். ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும், வேதியியல் லேபின் சாக்கடையில் கிடைத்ததை எவன் சாட்சியாக எடுத்துக்கொள்வான்? சட்டையின் காலர் மடிப்பைப் பிரித்துச் சோதித்தேன். பைக்குள் தைத்திருந்த துணியைச் சோதித்தேன். ஒரு துளிகூட மிஞ்சவில்லை. சொன்னேனே, கழுவுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க மாப்பிள்ளையும் பட்டாசுலதான இருக்காக. உங்களுக்கு எதுக்குச் சங்கடம்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு எழுந்து, சட்டை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, கத்தரிக்கோலை எடுத்து அவளே நறுக்கினாள். தகட்டைத் தேய்த்து அந்தத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தாள். அந்த மத்தியானத்தில் அவளுக்கு அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் தகடு பழுப்பாக இருந்தது. ஓட்டினாள். ஃபார்மிக் அமிலம் பழையபடி வந்தது. ஞானராஜ் சார் பக்கத்தில் நின்று பார்த்தார். சேலைத் துணியில் சுற்றிய தகட்டையும் ஓட்டச் சொன்னார். அதில் வரவில்லை. மூன்று நாள், மூன்று தடவை. மூன்றாம் நாள் அவர் துண்டுத் தாள் எழுதவில்லை. நேராக வந்து, தான் அவளைச் சந்தேகப்பட்டது தவறு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. அவள் தலையை அசைத்துவிட்டு அன்றைய அளவை நோட்டில் எழுதினாள்.

சட்டையில் இனி எதுவும் இல்லை என்று அவளே அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். விசாரணை பீடியோடு முடிந்தது. அந்தச் சட்டையைக் கொடுத்திருந்தாலும் கம்பெனிக்காரன் சும்மா விட்டிருப்பானா, எத்தனை வக்கீல் வைத்திருப்பான் என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பையே இல்லாமல் ஆக்கியது கம்பெனிக்காரன் இல்லை, நான்.

மாரீஸ்வரி கந்தகம் ஏறிய செம்பைப் பற்றியே ஆராய்ச்சியைத் திருத்தி எழுதிப் பட்டம் வாங்கினாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர், கந்தகம் முதலில் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர் வேட்டியில இருந்து சார்" என்றாள். அவர் சிரித்தார், அறையில் வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவைவிட்டே போனாள்.

போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். அந்த மூன்று வீட்டுக்கும் நான் போய் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரம் போனேன். முதல் வீட்டில், செத்துப்போன பெண்ணின் அம்மா தீப்பெட்டிக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். குளோரேட், சட்டை, அலசியது, தொட்டி என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடிக்கும்வரை கை வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது இருக்கட்டும்யா. இப்ப உங்க கையில என்ன இருக்கு?" என்றார்.

ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் என்மேல் இரக்கப்பட்டது போல இருந்தது. "அந்தப் பிள்ளை மேல எங்களுக்கு இப்பக் கோவம் இல்ல. அதுகிட்டச் சொல்லிருங்க. புருசன் பீடி பத்த வச்சதுக்கு அவ என்ன செய்வா?" என்றார்.

மற்ற இரண்டு வீடுகளுக்கும் நான் போகவில்லை.